சுருக்கும் காந்தலும்

"பரவாயில்லை டாக்டர், பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் என் வலது கால் தானாகவே லேசர் பெடலிலிருந்து எழுந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேலாகத் தோலுக்கு ஒளி வைத்தியம் பார்க்கிறேன். இந்த வேலையில் நான் பயப்படும் சொல் 'ஐயோ' அல்ல, 'பரவாயில்லை'தான். ஐயோ என்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை என்பவர் எனக்கு எதையுமே சொல்லவில்லை.

என் அறை மந்திர் மார்க்கிலிருந்து கோல் மார்க்கெட் பக்கம் பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. மந்திர் மார்க்குக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ரீடிங் ரோடு என்று பெயர். 1939-ல் காந்தி வந்து பிர்லா மந்திரைத் திறந்து வைத்தார், எல்லா ஜாதிக்காரர்களையும் உள்ளே விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதே தெருவில் காளி பாரி உண்டு. இதே தெருவில்தான் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் இருக்கிறது. நான் அங்கே படித்தவள். அதனால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் தமிழ். கரோல் பாக் மாமிகள், ஆர்.கே.புரத்து அரசு ஊழியர்கள், என் வகுப்புத் தோழிகளின் பெண்கள். மீதிப் பாதி ஹரியானா, பிஹார், பஞ்சாப். எல்லோருக்கும் வலி ஒன்றுதான், அதைச் சொல்லும் வாய்தான் வேறு வேறு. என் தொழிலில் முக்கால் பங்கு அந்த வாயைக் கேட்பது என்று இப்போது நினைக்கிறேன். படிக்கும்போது இதை யாரும் சொல்லித் தரவில்லை.

வேண்டாத முடியை எடுக்க வரும் பெண்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். கூட்டம் அவர்கள்தான். பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு வந்து முகவாயில் முடி முளைத்துத் தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்கும் இருபது வயசுப் பெண்களை வெறும் அழகு விஷயம் என்று ஒதுக்க எனக்கு மனசு வராது.

லேசர் முடியை அழிப்பதற்கு அடிப்படையான விளக்கத்தை 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எழுதினார்கள். ஒளியைக் கறுப்பு உறிஞ்சும், உறிஞ்சினால் சுடும். சரியான நிறத்து ஒளியைச் சரியான நேரத்துக்கு மட்டும் விட்டால் முடியின் வேர் வேகும், சுற்றியிருக்கும் சதை வேகாது. வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் இந்தக் கணக்கு வாய்ப்பாடு மாதிரி சரியாக வரும். நம் தோலில் முடியும் கறுப்பு, தோலும் கறுப்பு. வேருக்கென்று அனுப்பிய சூட்டில் ஒரு பங்கை மேல்தோல் வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. மாநிறத்துக்கும் அதற்கு மேலும் உள்ள தோலுக்குப் பத்திரமானது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். மேல்தோலை அதிகம் தொந்தரவு செய்யாமல் ஆழம் போகும். ஆழம் போவதாலேயே வலியும் அதிகம். நமக்குப் பத்திரமான ஒளிதான் நமக்கு அதிகம் வலிக்கிற ஒளி. இயந்திரத்தோடு வரும் கையேடுகளில் இது சின்ன எழுத்தில்கூட இருக்காது. 'வலியே இல்லாத லேசர்' என்ற விளம்பரப் பலகை மட்டும் தில்லியில் மெட்ரோ நிலையத்துக்கு மெட்ரோ நிலையம் தொங்குகிறது.

ஒளி விழுந்ததும் நோயாளி இரண்டு வலியை உணர்கிறாள். முதலாவது 'சுருக்'. ரப்பர் பேண்டைச் சுண்டி விட்ட மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். வந்த வேகத்தில் போய்விடும். இரண்டாவது 'காந்தல்'. மிளகாய் நறுக்கிய கையில் பிறகு தெரியுமே, அது. மெதுவாக வரும், போக மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும். நரம்பியல் புத்தகத்தில் இவற்றுக்குத் தனித்தனி நரம்பிழைகள் இருக்கின்றன. உறை போட்ட ஏ-டெல்டா இழை நொடிக்குப் பல மீட்டர் ஓடிச் செய்தி சொல்லும். உறையில்லாத சி இழை நொடிக்கு ஒரு மீட்டர் போவதே அதிகம். கால் பெருவிரலைச் சுட்டுக்கொண்டால் சுருக் முதலில் வந்துவிடும், காந்தல் ஒரு நொடிக்கு மேல் தாமதமாக வந்து சேரும். நம் பாட்டிகள் இரண்டுக்கும் இரண்டு சொல் வைத்திருந்தார்கள். நான் புத்தகம் படித்து அங்கே போய்ச் சேர்ந்தேன்.

இந்த இரண்டு சொல்லும் என் அறையில் தெர்மாமீட்டர் மாதிரி. சுருக் என்று வந்து உடனே போனால் வேர் சூடாகியிருக்கிறது, தோல் தப்பித்திருக்கிறது. அடுத்த இடத்துக்குப் போகலாம். சுருக் போன பிறகும் காந்தல் நின்றால், ஐஸ் வைத்தும் அடங்காமல் நின்றால், சூடு தோலிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். நிறுத்த வேண்டும். ஹிந்திக்காரர்களிடம் 'சுப் ரஹா ஹை யா ஜல் ரஹா ஹை' என்று கேட்பேன், குத்துகிறதா எரிகிறதா என்று. குத்துகிறது என்றால் தொடர்வேன். எரிகிறது என்றால் நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் அந்தத் தோலையே பார்த்துக்கொண்டு உட்காருவேன். வேரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளம் மாதிரி, கோழித்தோல் மாதிரி எழும்பினால் நல்லது. தட்டையாகச் சாம்பல் பூத்தால் கெட்டது.

இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு பெண்ணின் கைகளைச் சுட்டிருக்கிறேன்.

ஆரம்ப வருஷங்களில் ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே வழக்கம் இதுதான்: வந்தவுடன் மரப்புக் க்ரீமைக் கெட்டியாக அப்பி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவார்கள். லிக்னோகைன் இரண்டரை சதவீதம், பிரிலோகைன் இரண்டரை சதவீதம் சேர்ந்த க்ரீம். தனித்தனியாக இரண்டும் திடப்பொருள், கலந்தால் எண்ணெயாக இளகித் தோலுக்குள் இறங்கும். அருமையான மருந்து, அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் கல்யாணம். முன்கை இரண்டும் செய்ய வேண்டும். கடற்கரைக்கு எங்கோ போய்வந்து கை கறுத்திருந்ததை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன தடவை வைத்த அளவையே வைத்தேன். முழு நேரமும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "ஒன்றுமே தெரியவில்லை" என்றாள். எனக்கு அன்றைக்குப் பெருமைகூட வந்தது.

சாயங்காலம் போன் வந்தது. மருந்தின் வேகம் இறங்கியதும் காந்தல் ஆரம்பித்திருக்கிறது. மறுநாள் பார்த்தால் இரண்டு கையிலும் கட்டம் கட்டமாக, தாயக்கட்டம் வரைந்த மாதிரி, லேசர் முனையின் அச்சு. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறியது. அது விட்டுப்போன கறுப்பு எட்டு மாதம் இருந்தது. கல்யாணத்துக்கு முழங்கைக்கு மேல்வரை மெஹந்தி போட்டு மறைத்தார்கள். மெஹந்தி அழகாக இருந்தது என்று எல்லோரும் சொன்னதாக அவளே பிறகு என்னிடம் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

அந்தக் க்ரீம் இல்லாதிருந்தால் நாலாவது ஷாட்டிலேயே அவள் கையை இழுத்திருப்பாள். இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் க்ரீம் பட்ட தோல் முதலில் வெளுக்கும், பிறகு தானாகவே கொஞ்சம் சிவக்கும். லேசரால் சிவந்ததா, க்ரீமால் சிவந்ததா என்று கண்ணுக்குப் பிடிபடாது. அவள் வாயையும் அடைத்து என் கண்ணையும் கட்டிவிட்டு வேலை செய்திருக்கிறேன்.

கை சுட்டதோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். அமெரிக்காவில் 22 வயசும் 25 வயசுமான இரண்டு பெண்கள் லேசருக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே கால் முழுக்க மரப்புக் க்ரீமைத் தடவிப் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, நினைவு தப்பி, இருவருமே இறந்துபோனார்கள். கடைகளில் கலந்து கொடுத்த, வீரியம் அதிகமான க்ரீம். 2007-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைச் சொல்லி எச்சரிக்கை வெளியிட்டது. தோலில் தடவினது ரத்தத்துக்குப் போகாது என்று நினைப்பது தப்பு. பரப்பு கூடக்கூட, மூடி வைக்க வைக்க, சூடேற ஏற உள்ளே போகும். லிக்னோகைன் இதயத்தோடும் மூளையோடும் பேசக்கூடிய மருந்து. கைக்குழந்தைக்குப் பிரிலோகைன் அதிகமாகிவிட்டால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வேலையை விட்டு நீலம் பூக்கும். கண் ஓரத்தில் தடவினால் காரத்தன்மை கருவிழியைப் புண்ணாக்கும். இத்தனையும் அந்தச் சின்ன டியூபுக்குள் இருக்கிறது. கோல் மார்க்கெட்டில் எந்த மருந்துக் கடையிலும் சீட்டுக் கேட்காமல் கொடுப்பார்கள்.

அப்படியானால் க்ரீமே கூடாதா? கூடும். மேலுதடு, அக்குள் மாதிரிச் சின்ன இடத்துக்கு, நானே அளந்து, நானே துடைத்து. துடைத்த பிறகு தோல் காய வேண்டும். முதல் ஷாட்டுகளைக் குறைந்த அளவில் வைத்து, தோல் பேசுகிறதா என்று பார்ப்பேன். முன்கைக்கும் காலுக்கும் இப்போது தடவுவதேயில்லை. குளிர்ச்சிதான்.

குளிர்ச்சி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய ஆளிடம் பக்தி உண்டு. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன். மின்சார வில்விளக்கின் ஒளியைக் குவித்து, முகத்தை அரிக்கும் தோல் காசநோயைக் குணப்படுத்தினார். 1903-ல் நோபல் பரிசு வாங்கினார், மறு வருஷமே 43 வயசில் போய்விட்டார். கோபன்ஹேகனில் அவர் ஆஸ்பத்திரியின் பழைய புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும். நோயாளிகள் படுத்திருப்பார்கள், மேலேயிருந்து தொலைநோக்கி மாதிரிக் குழாய்கள் இறங்கும், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நர்ஸ் குனிந்து உட்கார்ந்திருப்பாள். அவள் கையில் இருப்பது ஸ்படிகக் கண்ணாடி, உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அதை அவள் தோல்மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். தண்ணீர் சூட்டை வாங்கும். அழுத்தினால் ரத்தம் விலகி ஒளி ஆழம் போகும். இன்று லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் லேசரின் நுனியில் குளிரூட்டிய நீலமணிக் கண்ணாடி இருக்கிறது. அதைத் தோலில் அழுத்து என்று கம்பெனிக்காரர் சொல்லித் தருகிறார். குளிர், அழுத்தம், ஸ்படிகம். நூற்றிருபது வருஷத்தில் நர்ஸை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நான் எடுக்கவில்லை. எங்கள் சிஸ்டர் கோட்டயத்துக்காரர், என்னைவிட மூத்தவர். மேலுதட்டுக்கு ஒளி வைக்கும்போது அவர் இல்லாமல் நான் ஆரம்பிப்பதில்லை. உடம்பிலேயே அதிகம் வலிக்கும் இடங்களில் அது ஒன்று. கண்ணில் தண்ணீர் வரும், சிலருக்குத் தும்மல் வரும், தும்மலோடு தலை ஆடும், லேசர் எங்கேயோ விழும். சிஸ்டர் முதலில் ஈரத் துணியை மடித்துப் பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே வைப்பார். பல்லில் சூடு ஏறாது, உதடும் நன்றாக விரிந்து கிடைக்கும். அவருடைய இடது கை ஐஸ் பையோடு கன்னத்தில் இருக்கும். வலது கையின் இரண்டு விரல் நான் சுடப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். தடுப்பூசி போடும் அம்மாக்கள் குழந்தையின் தொடையைத் தட்டிக்கொண்டே குத்திவிடுவார்களே, அதேதான். தொடு உணர்வு முதுகுத்தண்டின் வாசலை அடைத்துக்கொண்டால் வலி உள்ளே நுழைய நெருக்கடிதான் என்று மெல்சாக், வால் இருவரும் 1965-ல் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிடும் எல்லோரும் அதற்கு முன்பே எழுதாமல் வைத்திருந்த விஷயம்.

நோயாளியின் கை உயர்ந்தால் நான் நிறுத்துவேன் என்பது எங்கள் அறையின் சட்டம். காரணம் கேட்க மாட்டேன். முதல் தடவை எல்லோரும் சோதித்துப் பார்ப்பார்கள், வலிக்காமலே கையைத் தூக்குவார்கள். உடனே நிறுத்துவேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் தூக்குவதில்லை. நிறுத்தும் அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அதே ஒளி குறைவாக வலிக்கிறது.

வலி பாதி வீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. முதல் நாள் சவரம் செய்துகொண்டு வா என்றால் அரை அங்குலம் முடியோடு வருவார்கள். மேலே நிற்கும் முடி தோலின் மேலேயே கருகும், வேருக்கு ஒன்றும் போகாது, அறை முழுக்க முடி தீய்ந்த நாற்றம். வரைந்து காட்டக் கறுப்புப் பேனாவை எடுக்கும் உதவியாளர்களுக்கு நான் வெள்ளைப் பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கறுப்பு மையும் ஒளியைக் குடிக்கும் என்று சொல்லி. மே, ஜூன் வெயிலில் கறுத்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொண்டு பக்கத்தில் வேறெங்காவது போகிறார்கள். போகட்டும்.

பச்சை குத்தியதை அழிக்க வரும் பையன்கள் வேறு கதை. துணை ராணுவத் தேர்வு அறிவிப்பு வந்தால் என் அறையில் ஹரியானாப் பையன்கள் வரிசை கட்டுவார்கள். இடது முன்கையின் உள்பக்கம், புறங்கை என்று சில இடங்களில், அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக, மத அடையாளமோ பெயரோ இருந்தால் அனுமதி உண்டு. வலது கையில் கூடாது, சல்யூட் அடிக்கும் கை. பதினெட்டு வயசில் மேளாவில் வலது கையில் காதலி பெயரையோ தேளையோ குத்திக்கொண்டவன் இருபத்தோரு வயசில் என்னிடம் வருகிறான். தேர்வு அடுத்த மாதம் என்பான். ஆறு முதல் பத்து அமர்வு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறேழு வாரம் என்று நான் சொன்னால் முகம் விழுந்துவிடும்.

இதில் வலி ரப்பர் பேண்ட் இல்லை, கடுகு தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த மாதிரி. நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் ஒளி விழும், மை தூள் தூளாக உடையும், பிறகு உடம்பின் துப்புரவுச் செல்கள் அதை மாதக்கணக்கில் அள்ளிக்கொண்டு போகும். ஒளி பட்ட இடம் உடனே வெள்ளையாகப் பூத்துக் கால் மணி நேரத்தில் மறையும். அந்த வெள்ளைதான் எனக்கு அடையாளம், நோயாளியின் வாயைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே இங்கே க்ரீமுக்குத் தடையில்லை, தேவையென்றால் ஊசி போட்டே மரக்க வைப்பேன்.

பையன்கள் வேண்டாம் என்பார்கள். "ஃபௌஜி பன்னா ஹை, மேடம்." சிப்பாயாகப் போகிறவனுக்கு இது ஒரு வலியா என்று. ஒருவன் முழு அமர்வும் மேற்கூரையைப் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்பதை நான் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு 'ஷாபாஷ்' என்று சொன்னேன், எழுந்தான், இரண்டடி நடந்தான், மரம் சாய்கிற மாதிரி சிஸ்டர்மேல் சாய்ந்தான். அன்றிலிருந்து பையன்களைப் படுக்க வைத்துத்தான் செய்கிறேன், ஊர்க்கதை கேட்டுக்கொண்டே. பேசுகிறவன் மூச்சு விட்டாக வேண்டும்.

அடுத்து, வலியே இல்லாத ஒளி. நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் குறுகிய பட்டை யு.வி.பி. என்ற 311 நானோமீட்டர் ஒளி கொடுக்கிறோம். ஆள் உயரப் பெட்டி, சுற்றிலும் குழல்விளக்கு, கண்ணுக்குக் கண்ணாடி, வாரம் இரண்டு மூன்று தடவை. இதன் மூதாதை நம் நாட்டு மருந்துதான். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்பது. அதிலிருக்கும் சோரலன் தோலை வெயிலுக்குக் கூர்மையாக்குகிறது. அளவு தெரியாமல் நின்று கொப்புளித்து வருகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். பெட்டிக்குள் அளவு தெரியும், ஆனால் உள்ளே நிற்கும்போது இளஞ்சூட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அதிகமாகிவிட்டால் அன்று ராத்திரி ஆரம்பித்து மறுநாள் முழுதாக எரியும். சோரலன் சேர்ந்த யு.வி.ஏ. என்றால் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். காந்தல் தபாலில் வருகிற மாதிரி. அதற்குள் அடுத்த அமர்வு வந்துவிடும்.

கரோல் பாக் மாமி ஒருவர், கெண்டைக்காலில் வெண்புள்ளி. திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்து வந்தார். விட்ட நாட்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், குறைத்தோம், ஆனாலும் போதவில்லை போலிருக்கிறது. அடுத்த தடவை சிஸ்டர் கேட்டார், "போன தடவை எப்படி இருந்தது?" மாமி, "பரவாயில்லை." சிஸ்டர் அளவைக் கூட்டப் போனார். நான் எதற்கோ அந்தப் பக்கம் வந்தவள் புடவையை லேசாகத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். புள்ளியெல்லாம் வேகவைத்த பீட்ரூட் நிறம்.

"மாமி, ராத்திரி போர்வை கால்ல பட்டப்போ எப்படி இருந்தது?"

"போர்வையே போத்திக்கலைடி. கால் தணல் மாதிரி இருந்தது. வாழையிலையை வெச்சுண்டு படுத்தேன்."

"சிஸ்டர் கேட்டதுக்குப் பரவாயில்லைன்னேளே?"

"அவ எத்தனை பேரைப் பார்க்கணும், பாவம்."

மாமிமேல் தப்பில்லை, கேள்விமேல்தான். 'எப்படி இருந்தது' என்பது நாம் வாசலில் பார்த்தவரைக் கேட்பது, அதற்குப் பதில் எப்போதுமே பரவாயில்லைதான். இப்போது என் அறையில் அந்தக் கேள்வி கிடையாது. குளிக்கும்போது தண்ணீர் பட்டால் எரிந்ததா, எந்தப் பக்கம் படுத்தீர்கள், எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது என்றுதான் கேட்கிறோம். மறுநாள் காலை லேசான ரோஜா நிறம் இருந்து சாயங்காலத்துக்குள் போய்விட்டால் அளவு சரி. அதற்கு மேல் நின்றால் ஒரு தடவை விட்டு, குறைத்து ஆரம்பிக்க வேண்டும்.

வெண்புள்ளி என்று யார் வந்தாலும் பெட்டிக்குள் அனுப்பும் முன் ஒரு பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வேன். பத்து வருஷத்துக்கு முன் வந்த ஒரு தச்சர் காட்டவில்லை. வெளிறிய தேமல், பஞ்சு பட்டது தெரியவில்லை, அந்த இடத்தைக் கிள்ளினேன், அதுவும் தெரியவில்லை. அது வெண்புள்ளி இல்லை, தொழுநோய். உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இன்னும் இந்தியாவில்தான். மாத்திரையில் முழுக்கக் குணமாகும் நோய், தச்சருக்கும் குணமாயிற்று. அவரைப் பெட்டிக்குள் நிறுத்தியிருந்தால் எவ்வளவு சுட்டாலும் அவர் நிஜமாகவே பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்.

1946-ல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்குக் கை அறுவை செய்த டாக்டர் பால் பிராண்டின் கதைகளை எங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். நோயாளிகளின் விரல் ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்துபோனது. நோய் தின்கிறது என்று ஊர் நம்பியது. பார்த்தால் எலி. கடித்தது தெரியாமல் தூங்கியிருக்கிறார்கள். ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவில் பிராண்டும் கூட்டாளிகளும் மரத்துப்போன கைக்குச் செயற்கை வலி செய்ய முயன்றார்கள், உணர்கருவி வைத்த கையுறை, ஆபத்தென்றால் சமிக்ஞை. தோற்றுப்போனார்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஜனங்கள் அதை அணைத்துவிட்டார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டம் கட்டமாகச் சுட்ட கைகளைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது. அணைத்தது நான்தான்.

இந்தக் கட்சியை நான் எல்லா ஒளிக்கும் பேச மாட்டேன். ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்று ஒன்று உண்டு. ஒரு மருந்தைத் தடவி மூன்று மணி நேரம் காத்திருந்தால் கெட்ட செல்களுக்குள் போர்ஃபிரின் சேரும், பிறகு சிவப்பு ஒளி காட்டினால் அவை உள்ளிருந்தே செத்துப்போகும். ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே வலி உச்சத்துக்குப் போய்விடும், முகத்தில் குளவிக் கூட்டை வைத்த மாதிரி. அந்த வலி எச்சரிக்கை அல்ல, சிகிச்சை வேலை செய்கிறது என்பதுதான் அதன் செய்தி, அதை நோயாளி பொறுத்துக்கொண்டு கேட்க வேண்டியதில்லை. மரப்புக் க்ரீம் இதற்குக் கேட்பதும் இல்லை. விசிறி, குளிர்ந்த நீர்த் தெளிப்பு, நடுவில் விளக்கை அணைத்து இடைவேளை, நெற்றி முழுவதும் என்றால் நரம்பருகே ஊசி. இதைவிட நல்ல யோசனை 2008 வாக்கில் கோபன்ஹேகனிலிருந்தே வந்தது: மருந்தைத் தடவி அரை மணிக்குள் நோயாளியை இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் உட்கார வை. போர்ஃபிரின் சேரச் சேரவே அழியும், குவிந்து நிற்காது, வலியும் அநேகமாக இல்லை. ஃபின்சனின் ஊரில் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பவும் சூரியனிடம் போயிருக்கிறார்கள். தில்லியின் பிப்ரவரி வெயில் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஜூன் வெயிலில் யோசிக்கவே வேண்டாம்.

நவம்பர் வந்துவிட்டது, கல்யாண சீசன், என் நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கிறது. வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன், என்னிடம் வந்தாலும் வேறெங்கு போனாலும். க்ரீமை வீட்டில் தடவிக்கொண்டு வராதீர்கள். டியூபைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், தேவையா என்று அங்கே பார்த்துக்கொள்ளலாம். ஒளி பட்ட ராத்திரி போர்வை உறுத்தினால் மணி எத்தனை என்று பார்த்துக் குறித்து வையுங்கள். மறுநாள் காலை நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.